ஸ்பேனர் யார் கையில்?

1980-ம் வருடம். பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கர்நாடக எல்லையை ஒட்டி, அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர். 'பின்தங்கிய பகுதி' என்று அரசாங்கம் முத்திரை குத்தி, தொழிற்சாலை வைக்க வருபவர்களுக்குச் சலுகைகளைக் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர். அந்த ஒரே வருடத்தில் அங்கே இரண்டு சங்கதிகள் நடந்தன. சுந்தரம் கிளேட்டனின் மொபெட் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற இந்தியாவின் முதல் மொபெட். எண்ணூரில் லாரியும் பஸ்ஸும் செய்துகொண்டிருந்த அசோக் லேலண்ட், ஓசூரிலும் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது.

ஒன்று ஒல்லிப்பிச்சான். இன்னொன்று பீமசேனன். ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டின் எஞ்சினையும் கையில் ஸ்பேனரும் கொஞ்சம் தைரியமும் இருக்கிற ஆள் திறந்து பார்க்கலாம். மொபெட்டை வீட்டுத் திண்ணையில் திறந்தார்கள். லாரியை ரோட்டோரப் புளியமரத்தடியில் திறந்தார்கள்.

நாற்பது வருடம் கழித்து அதே வட்டாரத்தில் எஞ்சினே இல்லாத வண்டிகள் வர ஆரம்பித்தன. 2020-ல் டி.வி.எஸ். தன் மின்சார ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. 2021-ல் ஏத்தர் ஓசூருக்கு வந்தது. அதே வருடம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில் ஓலாவின் பிரம்மாண்டத் தொழிற்சாலை எழுந்தது. இந்த வண்டிகளை வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து திறந்து பார்க்க எஞ்சின் என்று எதுவும் இல்லை.

நடுவில் என்ன ஆச்சு? வண்டி நம்முடையது, எஞ்சின் நம்முடையது, ஸ்பேனர் மட்டும் எப்போது நம் கையை விட்டுப் போனது?

பதில் தெரிய, கார் பிறந்த காலத்துக்குப் போகவேண்டும்.

ஆரம்பத்தில் காருக்கு மெக்கானிக் என்று ஒரு ஜாதியே கிடையாது. காரை ஓட்டுகிறவர்தான் மெக்கானிக். டிரைவரை ஸ்டைலாக 'ஷோஃபர்' என்கிறோமே, அந்த பிரெஞ்சு வார்த்தைக்கு அர்த்தம் 'சூடேற்றுகிறவன்'. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஆளின் பெயர்தான் வெள்ளைச் சட்டை, தொப்பி போட்டுக்கொண்டு காருக்கு இடம் மாறியது. அந்தக் கால டிரைவருக்கு ஓட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, வண்டிக்கு அடியில் படுத்துக்கிடப்பது.

1908-ல் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தார். 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள். 'மலிவான கார், அதனால் விற்றது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதி அதன் எஞ்சினில் இருக்கிறது.

அதற்கு முந்தைய பல எஞ்சின்களில் சிலிண்டரும் அதன் தலையும் ஒரே வார்ப்பு. மூடி திறக்காத சொம்பு மாதிரி. உள்ளே கரி பிடித்தால் சுரண்டுவது பெரும்பாடு. ஃபோர்டு அந்தத் தலையைத் தனியாக வார்த்து, போல்ட் போட்டு முடுக்கினார். போல்ட்டுகளைக் கழற்றினால் தலை தனியாக வந்துவிடும். உள்ளே பிஸ்டன், வால்வு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவில் கார் வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். பக்கத்து டவுனுக்குப் போக அரை நாள் ஆகும் ஊர்களில் அவர்களே கொட்டகையில் வைத்து எஞ்சினைப் பிரித்தார்கள், சுரண்டினார்கள், மாட்டினார்கள். 'ஹெட்டை இறக்குவது' என்று நம் மெக்கானிக்குகள் சொல்கிறார்களே, அந்த வேலை சாமானியனுக்குச் சாத்தியமானது இப்படித்தான்.

இங்கே தமிழ்நாட்டில் என்ன நடந்தது? கோயமுத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஒரு பையன். பள்ளிக்கூடம் பெரிதாக ஒத்துவரவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறான். குதிரை இல்லை, மாடு இல்லை, ஆனால் ஓடுகிறது! ஊரை விட்டுக் கிளம்பி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினான். வாங்கியவன் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. உட்கார்ந்து நட்டு நட்டாகப் பிரித்தான். திரும்ப மாட்டினான். அவனுடைய பாலிடெக்னிக் அந்த மோட்டார் சைக்கிள்தான்.

ஜி.டி.நாயுடு. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி – பழனி வழியில் தொழிலை ஆரம்பித்து, பின்னாளில் மோட்டார் சாம்ராஜ்யம் கட்டியவர். அவர் கதையைச் சொல்லும்போது 'மேதை, அதனால் முடிந்தது' என்று கைகழுவிவிடுகிறோம். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பிரித்த எஞ்சின், பிரித்தால் புரியும்படி இருந்தது. எரிபொருள் எந்த வழியாக உள்ளே வருகிறது, பொறி எங்கே அடிக்கிறது, புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று கண்ணால் பார்த்துப் படிக்க முடிந்தது. அதுவும் ஒரு காரணம்.

அடுத்த பள்ளிக்கூடத்தைத் திறந்தது ஹிட்லர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் எப்படி ஓடும்? கரியில் ஓட்டினார்கள். பஸ்ஸோடு பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. அதில் அடுப்புக்கரியைப் போட்டு, குறைவாகக் காற்று கொடுத்து எரித்தால் கரி வாயு வரும். அதை எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். மதுரை டி.வி.எஸ். நிறுவனமே இந்த கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. விடியற்காலையில் கையால் ஊதுகுழாய்ச் சக்கரத்தைச் சுற்றி அடுப்பைப் பற்றவைத்து, வாயு வரக் காத்திருந்து, பிறகு கிளம்பவேண்டும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். சாம்பலும் தாரும் எஞ்சினுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் என்ன? அடிக்கடி ஹெட்டை இறக்கு, சுரண்டு, மாட்டு. அந்தப் பஸ்களோடு மல்லுக்கட்டிய கிளீனர் பையன்கள் பிற்பாடு தமிழ்நாடெங்கும் மெக்கானிக்குகளாகப் பரவியதில் ஆச்சரியமில்லை.

போர் முடிந்தது. சுதந்திரமும் வந்தது. 1948-ல் ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாபித் தொழிலதிபர், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்தார். இன்றைக்கு லாரியும் பஸ்ஸுமாக நாம் அறிந்த அசோக் லேலண்டின் பூர்வாசிரமம் அதுதான். முதலில் அது மாட்டியது லாரி அல்ல, கார். இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ 40. லேலண்டோடு கைகோத்து, 1955-ல் பெயரும் மாறியது.

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. உதிரிபாகங்களைக் கப்பலில் வரவழைத்து இங்கே வெறுமனே மாட்டி விற்கிற கம்பெனிகள் வேண்டாம். இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருந்தால் இருங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நடையைக் கட்டின.

உள்நாட்டுத் தொழில் வளர அது உதவியது, சரி. ஆனால் அவர்கள் ஏற்கெனவே விற்ற கார்கள்? ஃபோர்டும் செவர்லேவும் பண்ணையார் வீடுகளிலும் டாக்டர் வீடுகளிலும் அனாதையாக நின்றன. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, ஸ்பேர் கிடைக்காது. இன்னொரு வண்டியின் பாகத்தைக் கடைந்து இதற்குப் பொருத்து. கேஸ்கெட் இல்லையா, அட்டையை வெட்டு. எஞ்சினே போய்விட்டதா, பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிக் கடாசிவிட்டு சிம்சன் டீசல் எஞ்சினை உட்காரவை. பற்றாக்குறை ஒரு கண்டிப்பான வாத்தியார். அவரிடம் படித்தவர்கள்தான் நம் லேத் பட்டறைக்காரர்கள்.

அப்புறம் அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற மும்மூர்த்திகளின் காலம். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவிலிருந்து ஒன்று, பம்பாயிலிருந்து ஒன்று, நம் வண்டலூர்ப் பக்கமிருந்து ஒன்று. புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காரை யாராவது சும்மா விடுவார்களா? பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள். ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் பானெட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமாக முதலை வாய் பிளந்த மாதிரி கவிழ்ந்துகொள்ளும். முன் டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். வடிவமைத்த ஆள் சொந்தக்காரருக்கு உட்கார இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்!

வீட்டில் எஞ்சின் வேலை என்றால் சும்மா பிளக் துடைப்பது இல்லை. சைலன்ஸரில் நீலப் புகை. ஆயில் ஊற்ற ஊற்றக் குடிக்கிறது. மேட்டில் இழுவை இல்லை. அர்த்தம், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமாகும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றி, ஹெட் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். அம்பாஸடர் எஞ்சினில் வால்வுகளைத் தள்ளும் கம்பிகள் எட்டு உண்டு. எது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத்தான் போகவேண்டும். கலந்துவிட்டால் தேய்மானம் தாறுமாறாகும். அதனால் பழைய அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வரிசையாகச் செருகி வைத்தார்கள்.

சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். நகம் தடுக்கினால் போர் தேய்ந்திருக்கிறது. லேசாகத் தடுக்கினால் புது ரிங் போட்டு ஓட்டலாம். நன்றாக மாட்டினால் பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோகவேண்டும். எஞ்சினை முழுசாக இறக்க வேப்பமரக் கிளையில் செயின் பிளாக். வால்வு அரைப்பது இன்னும் ரசமான வேலை. அரைக்கிற பசையைத் தடவி, குச்சியின் முனையில் ரப்பர் கப் வைத்து வால்வைப் பிடித்து, மோர் கடையும் மத்து மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சுழற்றவேண்டும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, ஹெட்டைக் கவிழ்த்துப்போட்டுக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். ஒழுகாவிட்டால் பாஸ். ஒழுகினால் மறுபடியும் மத்து.

கடைசியில் ஹெட்டை முடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகவேண்டும், ஒரேயடியாக இறுக்காமல் சுற்றுச் சுற்றாக. அவசரப்பட்டு ஓரத்திலிருந்து இறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கெட் போகும், தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஒரு ஞாயிறு இரண்டு ஞாயிறாகும். வீட்டில் அம்மணியின் முகமும் கோணும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இதை ஒருவர் பெரிய தொழிலாகவே ஆக்கினார். ஜான் ஹேன்ஸ். பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை. 1965-ல் ஏடனில் போஸ்டிங். கூட வேலை செய்தவர் ஒரு பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் கார் வாங்கி, எஞ்சின் வேலைக்கு உதவி கேட்டார். கம்பெனியின் கையேட்டைப் புரட்டினால் தலைகால் புரியவில்லை. அது பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதியது. ஹேன்ஸ் என்ன செய்தார்? எஞ்சினைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தார். 1966-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். மூன்றே மாதத்துக்குள் முதல் பதிப்பு காலி. அப்புறம் நூற்றுக்கணக்கான மாடல்களுக்குப் புத்தகம். அவற்றின் ரகசியம் ஒன்றுதான். ஒரு காரை நிஜமாகவே முழுசாகப் பிரித்து மாட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவார்கள்.

நம்மிடம் ஹேன்ஸ் இல்லை. நம் புத்தகம் வேறு மாதிரி. அது அண்ணன், மாமா, எதிர்வீட்டு சர்வீஸ் என்ஜினீயர், மெக்கானிக் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்த பையன் என்று ஆளிலிருந்து ஆளுக்குப் போனது. எழுதி வைக்கப்படாத புத்தகம்.

இப்போது மறுபடி ஓசூருக்கு வரலாம். டி.வி.எஸ். 50 அந்தப் புத்தகத்தை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வே கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். நகர்கிற முக்கிய உறுப்புகள் இவ்வளவுதான். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரிவதால் புகை போகிற துவாரத்திலும் சைலன்ஸரிலும் கரி அடைக்கும். வண்டி சோர்ந்துவிடும். நாலு நட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, சைலன்ஸரின் உட்குழாயை நெருப்பில் காட்டித் தட்டினால் மறுபடி சிட்டாகப் பறக்கும். பால்காரரும் இளநீர் வியாபாரியும் செய்த வேலை இது. கார் எஞ்சினைத் தொடும் தைரியம் பல பேருக்கு வந்தது இந்தச் சின்ன எஞ்சினைத் திறந்த பிறகுதான்.

ஓசூரின் இருப்பிடமும் உதவியது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் ஜே.சி.ரோடு, ஸ்பேர் பார்ட்ஸ் கடல். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, சென்னை ரோடும் சேலம் ரோடும் பெங்களூர் ரோடும் கைகுலுக்குகிற ஊர். ராத்திரி பகலாக லாரி போகிற பாதையில் பட்டறைகள் முளைக்காமல் இருக்குமா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசுகிற பட்டறைகளில் எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. கேஸ்கெட், பேரிங், ரிங், ராடு. கூடவே தொழிற்பேட்டையில் சின்னதும் பெரிதுமாகப் பாகங்கள் தயாரிக்கிற கம்பெனிகள். பகலில் ஷிப்ட்டில் எஞ்சின் மாட்டுகிற ஆள், சாயங்காலம் பக்கத்து வீட்டு எஞ்சினில் சத்தம் கேட்டால் சும்மா போக மனசு வராது.

பிறகு ஏன் மாறியது?

சோம்பேறியாகிவிட்டோம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது அநியாயம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடிக்கடி திறக்கத் தேவையே இல்லாத எஞ்சின். முன்பு சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கரி சுரண்டியவர்கள், வருடக்கணக்கில் ஹெட்டைத் தொடாமல் ஓட்டினார்கள். இரண்டாவது காரணம், காற்று. 2000-ல் நாடு முழுக்கப் புகைக் கட்டுப்பாடு இறுகியது. ஈயம் கலந்த பெட்ரோலும் அந்த வருடத்தோடு ஒழிந்தது. கார்புரேட்டர் போய், சென்சார்களும் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்தன. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்று அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. நம் நுரையீரலுக்கு நல்லது. டூ ஸ்ட்ரோக் புகை கக்கிய தெருக்களை நினைத்துப் பார்த்தால் பழசுக்காகக் கண்ணீர் விடத் தோன்றாது. டி.வி.எஸ்ஸின் எக்ஸ்.எல். மொபெட்டே 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. இதில் பொறியியல் குறைவு, வியாபாரம் அதிகம்.

கம்ப்யூட்டர் பெட்டியிடம் பேச ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி கம்பெனியிடமும் அதன் டீலரிடமும் மட்டும் இருந்தால்? அசல் ஸ்பேர் வெளிக்கடையில் கிடைக்காவிட்டால்? ரிப்பேர் கையேட்டை வெளியார் வாங்கவே முடியாவிட்டால்? வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போச்சு என்றால்? எஞ்சினைத் திறக்கத் தெரிந்தவர் இருந்தும் திறக்க முடியாது. பூட்டு எஞ்சினில் இல்லை, கடையில்.

இது கற்பனை இல்லை. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டினார். கார் கம்பெனிகள் ஸ்பேர்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை, அதனால் ரிப்பேர் செலவு எகிறுகிறது என்பது புகார். மூன்று கம்பெனிகளோடு ஆரம்பித்த விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி ஆணையம் தீர்ப்பு சொன்னது. பதினான்கு கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம்! ஸ்பேரையும் கருவியையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யுங்கள் என்ற உத்தரவு வேறு. கம்பெனிகள் கோர்ட்டுக்கும் தீர்ப்பாயத்துக்கும் போயின, வழக்கு இழுத்தது. அது தனிக்கதை.

ஆணையம் சுட்டிக்காட்டிய ஒரு பாயின்ட் யோசிக்கவேண்டியது. கார் வாங்கும்போது பத்துக் கம்பெனிகள் நம்மைக் கெஞ்சுகின்றன. வாங்கிய மறுநாளிலிருந்து, அந்தக் காருக்கான ஸ்பேர் விற்க ஒரே ஒரு கம்பெனிதான். ஷோரூமில் சந்தை, சர்வீஸில் ஏகபோகம்.

மற்ற நாடுகளும் இதைக் கவனித்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, டீலருக்குக் கொடுக்கிற ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. செல்போன், வீட்டுச் சாமான், விவசாயக் கருவி, வாகனம் என்று நாலு துறைகள். அந்த டிசம்பரிலேயே தகவல்களைத் தொகுக்க ஓர் இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் சட்டமாகிவிடாது. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வியை அரசாங்கமே கேட்டுவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கேள்வி ஞாபகம் இருக்கும். பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, ஓட்டத்துக்குக் கொண்டுவர ஓவர்ஹால் செய்தால், அந்தச் செலவு மூலதனச் செலவா, வருவாயினச் செலவா? மூலதனச் செலவு என்று எழுதினால் மார்க். ஏனென்றால் அது இயந்திரத்துக்குப் புது ஆயுள் கொடுக்கிறது. அதே கணக்குப் புத்தகம் காருக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதிக்கொண்டே போகும். ஓவர்ஹால் செய்யத் தெரிந்த கைக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் பத்தி கிடையாது. சொத்தாகவும் எழுத மாட்டார்கள், அது தேய்ந்தால் நஷ்டமாகவும் எழுத மாட்டார்கள்.

அந்த நஷ்டத்தைச் சுமப்பது யார்? முதலில், ஊருக்கு ஊர் இருக்கிற சின்னப் பட்டறைக்காரர். அவருக்கு மூளை குறையவில்லை, கருவியும் தகவலும்தான் குறைகிறது. அடுத்தது நாம். 'அசெம்பிளியையே மாத்தணும் சார்' என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், ஏன் என்று கேட்கக்கூடத் தெரியாமல் தலையாட்டுகிறோம். நூறு ரூபாய் ரப்பர் வளையத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் யூனிட் மாறுகிறது. மூன்றாவது, அடுத்த தலைமுறை. பிரித்துப் பார்க்க எதுவும் இல்லாத வீட்டில் அடுத்த ஜி.டி.நாயுடு எதைப் பிரித்துப் படிப்பான்?

மின்சார வண்டியில் இன்னொரு சிக்கல். எஞ்சினைப் போல பேட்டரியைத் திண்ணையில் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. கார் பேட்டரியில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட், உயிரையே எடுக்கும். ஆக, எல்லாரும் பேட்டரியைப் பிரிப்போம் வாருங்கள் என்று யாரும் கூப்பிட முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற ஒரு வெளி மெக்கானிக்கிடம் அதைக் கொண்டுபோக நமக்கு வழி இருக்கவேண்டும். உள்ளே பழுதான ஒரு பகுதியை மட்டும் மாற்றமுடியவேண்டும். மென்பொருள் பூட்டு அதைத் தடுக்கக் கூடாது. ஜான் ஹேன்ஸின் கம்பெனியே 2020-ல், இனிப் புது மாடல்களுக்கு அச்சில் ஒர்க்‌ஷாப் கையேடு கிடையாது என்று சொல்லிவிட்டது. எழுதி வைக்க முடியாத அளவுக்கு வண்டி மாறிவிட்டதென்றால், அதைத் திறக்கும் உரிமையை நாம்தான் எழுதி வாங்கவேண்டும்.

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஹெட்டை இறக்கவேண்டியதில்லை. ஓசூரிலோ ஒரத்தநாட்டிலோ அடுத்த முறை சர்வீஸுக்கு வண்டி விட்டால் மூன்றே மூன்று விஷயங்கள் கேளுங்கள். என்ன பாகம் மாற்றினீர்கள்? எதனால் போனது? பழைய பாகத்தைக் கொடுங்கள். பில்லோடு சேர்த்து அந்தப் பழைய பாகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். குழந்தைகள் இருந்தால் கையில் கொடுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கொடுங்கள். உடைந்தால் உடையட்டும். ஏற்கெனவே உடைந்ததுதானே?